சீராக வந்த மீன்குஞ்சுகள்

ஷர்மினி மடிக்கணினியைத் திறந்ததும், சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த நடராஜா மாமாவின் கை நின்றது.

"சொல்லும்மா. அந்தச் சீனி முகம்மது கூண்டுலேர்ந்துதானே சீக்கு வந்துச்சு? நாளைக்கு மீன்வள ஆபீஸ்ல நானே சாட்சி சொல்றேன். அவன் லைசென்ஸைப் புடுங்காம விடமாட்டேன் லா."

மலேசியாவின் கோலா சிலாங்கூர் ஆற்றுமுகத்தில் அப்பா அழகேசன் புதிதாகப் போட்ட மிதவை மீன்கூண்டில், சியாக்காப் எனும் கொடுவா மீன்கள் அத்தனையும் புண் வந்து மிதந்தன. மருந்து வாங்கக்கூட நேரம் கிடைக்கவில்லை.

பக்கத்துக் கூண்டு சீனி முகம்மதுடையது. அங்கும் மீன் செத்தது. ஒரே படகில் போய்வந்த இருவரும் இப்போது முகம் பார்ப்பதில்லை.

ஷர்மினிக்குப் பல்கலைக்கழக ஆய்வகத்தில் மீன்நோய்க் கிருமிகளின் மரபணுவை ஒப்பிடும் வேலை. இரண்டு கூண்டிலிருந்தும் செத்த மீன் எடுத்துப்போனாள். நோயில்லாத இடம் ஒன்றும் வேண்டுமே என்று, சுங்கை பெசாரில் மாமாவின் கூண்டிலும் ஒரு மீன் பிடித்துக்கொண்டாள். தன் கூண்டில் ஒரு மீன்கூடச் சீக்கில் படுத்ததில்லை என்பது மாமாவின் பெருமை.

மூன்றிலும் ஒரே கிருமி.

அதில் மூத்தது மாமா கூண்டுக் கிருமி. அங்கிருந்து அப்பாவின் கூண்டுக்கு. அப்புறம்தான் சீனி முகம்மதுக்கு.

வந்த வழியும் தெரிந்ததுதான். அப்பாவின் கூண்டு திறப்பன்று, தங்கைக்குப் பிறந்த வீட்டுச் சீர் என்று மாமா மீன்குஞ்சுத் தொட்டிகளை இறக்கினார். தொட்டிக்கெல்லாம் மஞ்சள், குங்குமம். அம்மா அழுதேவிட்டாள்.

புதுக் குஞ்சுகளைக் கொஞ்ச நாள் தனியே வைத்துப் பார்க்க வேண்டும். சீரை யார் தனியே வைப்பார்கள்?

பாவம், மாமாவுக்கே தெரிந்திருக்காது. நல்லாயிருக்கிற மீனும் கிருமியைச் சுமக்கும்.

"மாமா, இதுல யாரையும் குத்தம் சொல்ல முடியாது," என்று மெதுவாக ஆரம்பித்தாள். "இது மருந்தைத் தாங்கிக்கிற கிருமி. மருந்து போட்டிருந்தாலும்…"

"ஆமாம்மா." மாமா ரசத்தை ஊற்றிக்கொண்டார். "மூணு மருந்துக்கும் அடங்காது, சனியன்."

அவள் பக்கம் திரும்பியிருந்த திரையில் மூன்று மருந்துகளின் பெயர்கள் இருந்தன. அவள் இன்னும் ஒன்றைக்கூட வாய்விட்டுப் படிக்கவில்லை. சீக்கே வராத கூண்டுக்காரருக்கு மூன்று மருந்துக் கணக்கு எப்படித் தெரியும்?

ஷர்மினி மடிக்கணினியை மூடினாள்.

"நாளைக்கு ஆபீசுக்கு இந்த ரிப்போர்ட்டோட நானும் வர்றேன், மாமா."

"சொந்தம்னா இப்படித்தான் கூட நிக்கணும்," என்றாள் அம்மா பூரித்துப்போய்.

அண்ணன் தட்டில் இன்னொரு துண்டு மீன் வைத்தாள்.