பலகைக்கு ஒரு சொல்

கதவைத் திறந்த வெல்டரின் ஊன்றுகோலைப் பார்க்காத மாதிரி பேச அகராதிக்காரர் படாத பாடு பட்டார்.

“தம்பி, சும்மா ஒரு சந்தேகம். ஒரு வீட்டு வாசல்ல ‘பலவீனர்’னு பலகை மாட்டினா எப்படி இருக்கும்?”

“குடிகாரன் வீடுன்னு நெனைப்பாங்க சார். ‘அது ஒண்ணுதான் அவருக்குப் பலவீனம்’னு அதுக்குத்தானே சொல்றோம்?”

அகராதிக்காரர் அந்தச் சொல்லை மனசுக்குள் கோடு போட்டு அடித்தார்.

விஷயம் இதுதான். லிஃப்ட் ஓடாத ஆபத்து நேரத்தில் தானாகப் படியிறங்க முடியாதவர் வீட்டு வாசலில் அடையாளப் பலகை ஒன்று வேண்டும் என்று தீயணைப்பு அதிகாரி சொல்லிவிட்டார். அந்த அடுக்குமாடியில் அப்படி ஒரே ஒருவர்தான். அவர் மனம் நோகாத சொல்லைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை, சங்கச் செயலாளரான மருந்துக்கடைக்காரம்மா இவரிடம் ஒப்படைத்திருந்தார்.

“ரொம்ப ரோஷக்கார ஆள் சார். வார்த்தை சுருக்குனு குத்திச்சுன்னா பலகையைப் பிடுங்கி எறிஞ்சிடுவாங்க. அப்புறம் நிஜமாவே தீப்பிடிச்சா, உள்ள ஆள் இருக்கிறதே யாருக்கும் தெரியாது.”

யார் என்று இவர் கேட்கவில்லை. கேட்பது அநாகரிகம், தெரிந்ததை எதற்குக் கேட்க வேண்டும்?

வேலைக்காலம் முழுக்க அகராதி அலுவலகத்தில் சொற்களுக்குப் பொருள் எழுதியவர் அவர். எழுதாமல் இருக்க முடியாது. போன மாதத் தீயணைப்பு ஒத்திகையில் அவர் கீழே வந்து சேர்வதற்குள் வண்டி கிளம்பிப் போயிருந்தது. ‘ஒத்திகையை இத்தனை அவசரமாக நடத்துவது முறையா?’ என்று சங்கத்துக்குக் கண்டனக் கடிதம் எழுதினார்.

“பலகை எனக்கா சார்?” வெல்டர் சிரித்தார். “அலாரம் அடிச்சா படிக்கட்டுக் கைப்பிடியில சறுக்கி, எல்லாருக்கும் முன்னாடி நான்தான் கீழ நிப்பேன். பலகை செஞ்சு தர்றதுதான் என் வேலை. நீங்க வார்த்தையைச் சொல்லுங்க.”

அப்படியானால் ஐந்தாம் மாடி டீச்சரம்மாதான். பல் போயும் குரல் போகாதவர்.

“‘ஆதரவற்றவர்’னா தப்பாம்மா?”

“எம் மருமக காதுல விழுந்துச்சு, உன்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவா.”

“‘நலிந்தவர்’?”

“மேடையில வேட்டி சேலை கொடுக்கிறப்ப மைக்ல சொல்றது. வாங்கிட்டு இறங்கினா முடிஞ்சுது. வீட்டு வாசல்ல எதுக்குய்யா?”

இத்தனை ரோஷமா! சந்தேகமே இல்லை, இவர்தான். அகராதிக்காரர் லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டுக்குத் திரும்பினார்.

“‘எளிதில் பாதிக்கப்படக்கூடியவர்’ எப்படி?” என்று மனைவியிடம் கேட்டார்.

“அதை எழுத்துக்கூட்டிப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள பாதி வீடு எரிஞ்சிடும்.”

“‘பாவம்’னு சுருக்கமா?”

“அது ஆள் அந்தப் பக்கம் போனப்புறம் சொல்றது. மூஞ்சிக்கு நேரா சொல்வாங்களா?”

எவ்வளவு கச்சிதமான விளக்கம்! தான் பக்கம் பக்கமாக எழுதியதில் இது ஒரு வரிக்குத் தேறுமா என்று அவருக்கே வெட்கமாக இருந்தது. அப்போது மனைவி தொலைபேசியில் தங்கையிடம் பேசுவது கேட்டது.

“அவசரமில்லடி. உன் வீட்டுக்காரரைக் கைத்தாங்கலாக் கூட்டிட்டு வா.”

அகராதிக்காரர் நாற்காலியில் நிமிர்ந்தார். கைத்தாங்கல்! மற்ற சொல்லெல்லாம் ஆளின் குறையைச் சொல்கிறது. இது பக்கத்தில் வருகிறவரின் கையை அல்லவா சொல்கிறது!

“‘இவருக்குக் கைத்தாங்கல் தேவை’. அவ்வளவுதான்மா,” என்றார் மருந்துக்கடைக்காரம்மாவிடம். “இதுக்கும் ஒருத்தர் கோவிச்சுக்கிட்டா, அவரை மாதிரி முட்டாள் உலகத்துல கிடையாது.”

“நிச்சயமாவா சார்?”

“சத்தியமா. யார் கேட்டாலும் என் பேரைச் சொல்லுங்க.”

மறுநாள் மாலை மூவரும் லிஃப்டில் ஏறினார்கள். வெல்டரின் தோள்பையில் பலகையும் துளைபோடும் கருவியும். டீச்சரம்மாவிடம் சொல்நயத்தை எப்படி விளக்குவது என்று அகராதிக்காரர் முன்னுரை தயாரித்துக்கொண்டிருந்தார்.

லிஃப்ட் மூன்றில் நின்றது. மருந்துக்கடைக்காரம்மா இறங்கினார். வெல்டரும் இறங்கினார்.

“அம்மா, ஐந்தாவது மாடி!”

யாரும் திரும்பவில்லை. ஒரு கதவருகே சுவரில் கருவி உறுமியது. அகராதிக்காரர் சுவரைப் பிடித்தபடி வந்து சேர்வதற்குள் பலகை ஏறி, இரண்டாவது திருகாணியும் இறுகிக்கொண்டிருந்தது.

“தம்பி, நிறுத்துப்பா! இது எங்க வீடு!”

“தெரியும் சார்,” என்றார் வெல்டர், மூன்றாவது திருகாணியை எடுத்தபடி.

அகராதிக்காரர் கோபப்பட வாயைத் திறந்தார். உலகத்தில் இல்லாத அந்த முட்டாள் ஞாபகத்துக்கு வர, மூடிக்கொண்டார்.

மருந்துக்கடைக்காரம்மா மெதுவாக அவர் முழங்கையைப் பிடித்தார்.

“உங்ககிட்ட சொல்ல எங்க யாருக்கும் வார்த்தை வரலை சார், அதான் உங்களையே தேடச் சொன்னோம்.”