முன்வரிசையில் ஒருத்தி

"மறுபடியும் அவளா!" என்று ஜில்சன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

அவளேதான். மஞ்சள் சட்டை, கையில் ஆரஞ்சுப் பை.

போன வாரம் எங்களுக்குக் குதிரை வண்டி, எதிரே கொள்ளைக்காரர்கள். அதற்கு முந்தின வாரம் ஜீப், எதிரே எழுந்து நடந்த பிணங்கள். கதை எதுவானாலும் எதிரிக் கூட்டத்தின் முன்வரிசையில் அவள் வந்து நின்றுவிடுவாள். தார்சீசியோ அண்ணன் வண்டியை நிறுத்திவிடுவார். கூட்டம் எங்களை மொய்த்துவிடும். ஞாயிறு தவறாமல் செத்துக்கொண்டிருந்தோம்.

எல்லாம் மேஜைமேல் நடக்கிற சாவுதான். டால்வா அக்கா கதை சொல்வார். நாங்கள் மூவரும் கதைக்குள் இருக்கும் ஆட்களாகப் பேசுவோம். ஜெயிப்பதும் தோற்பதும் பகடை சொல்கிறபடி. மூன்று மாதம் முன்பு பேக்கரியில் சீட்டு ஒட்டி அக்கா ஆள் சேர்த்தார். நானும் ஜில்சனும் அப்படிப் போய்ச் சேர்ந்தவர்கள். தார்சீசியோ அண்ணனை மட்டும் அக்காவே கையோடு கூட்டிவந்திருந்தார்.

கூட்டத்தில் வண்டி மோதுவது விதிப்புத்தகத்தில் ஒரே வரி. ஒருமுறை உருட்டு, விழுந்த எண்ணுக்குத் தகுந்தபடி இத்தனை பேர் காலி. அக்காவுக்கு அது போதவில்லை. தானே ஒரு விதி எழுதி, தன் கதைக் குறிப்புகள் எங்கள் கண்ணில் படாதபடி முன்னால் நிறுத்தியிருக்கும் தடுப்பு அட்டையில் ஒட்டியிருந்தார். மோதுவதற்கு முன் முன்வரிசையில் ஒருவர் தலையைத் தூக்கிப் பார்ப்பார். அவர் எப்படி இருக்கிறார் என்று வண்டி ஓட்டுகிறவர் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் உருட்டலாம்.

ஒரே ஒருமுறை ஜில்சன் ஓட்டினான். "பெரிய மீசை, அப்படியே எங்க வீட்டுக்காரர்" என்று வாடகை கேட்கிற ஆளைச் சொல்லிவிட்டுச் சந்தோஷமாக ஏற்றினான். அதன்பிறகு ஸ்டியரிங் அவன் கைக்கு வரவே இல்லை. எப்போதும் தார்சீசியோ அண்ணன்தான். அவர் சொல்வதும் எப்போதும் அந்த மஞ்சள் சட்டைக்காரியைத்தான்.

எனக்கு ஆறாதது இதுதான். அண்ணன் நிஜத்திலேயே பஸ் ஓட்டுநர். ஆறு மாதம் முன்பு ஒரு மழை நாளில் ஒரு பெண்மேல் மோதிவிட்டார். அன்றிலிருந்து விடுப்பு. அந்தப் பெண் பிழைத்தாளா என்று கேட்க எனக்கோ ஜில்சனுக்கோ துணிச்சல் வரவில்லை. நாளைக் காலை அவர் மறுபடி பஸ்ஸை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் வேலை போய்விடும். இதெல்லாம் தெரிந்தும் இந்தப் பொம்பளை வாராவாரம் அவரை அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறாரே!

அன்று எங்கள் மலையூர் பெட்ரோபொலிஸில் மத்தியானமே மலைப்பனி இறங்கி ஜன்னலை மூடியிருந்தது. கதையில் எங்கள் லாரி ஒரு குறுகல் தெருவில், நூறு எதிரிகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"சட்டை சொன்னீங்க, பை சொன்னீங்க," என்றார் அக்கா. "முகம்?"

இதுவரை அவர் முகத்தைக் கேட்டதில்லை. அண்ணன் கையிலிருந்த பகடையையே பார்த்தார்.

"தெரியலம்மா."

"தெரியும். சொல்லுங்க."

"முகமே இல்லம்மா. அந்த இடம் வெறுமனே கெடக்கு."

ஜில்சன் வாயில் போட்ட சீஸ் உருண்டையை மெல்லாமல் வைத்திருந்தான்.

"அவ உங்களைத்தான் பாக்கறா," என்றார் அக்கா, குரலை உயர்த்தாமல். "ஒரு சத்தம் இல்ல. கிட்ட வந்துட்டா. பாருங்க."

"வேணாம்மா. நான் வண்டிய நிறுத்திடறேன்."

"நிறுத்தினா மூணு பேரும் செத்தீங்க. பாருங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டேன்.

"போதும்க்கா! விடிஞ்சா அந்த மனுஷன் வேலைக்குப் போகணும். கொஞ்சமாவது ஈவிரக்கம் இருக்கா உங்களுக்கு? இது விளையாட்டா, சித்திரவதையா?"

அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. தடுப்பு அட்டையை மடித்துக் கீழே வைத்தார்.

"பாருங்க தார்சீசியோ."

அண்ணன் மெல்ல நிமிர்ந்தார்.

"கண்ணாடி போட்டிருக்கா," என்றார். "முடி நரைச்சிருக்கு. இடது புருவத்து மேல தையல் போட்ட தழும்பு." இன்னும் உற்றுப் பார்த்தார். "மூச்சு விடறா. உயிரோட இருக்கா."

அவர் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். அங்கே டால்வாக்கா உட்கார்ந்திருந்தார். கண்ணாடி, நரைத்த முடி, இடது புருவத்தின் மேல் ஏழெட்டுத் தையல் போட்ட தழும்பு. மூன்று மாதமாக எதிரிலேயே உட்கார்ந்து அவர் வீட்டுக் காப்பியைக் குடித்தவன் நான். எழுந்த நாற்காலியில் எப்படித் திரும்ப உட்கார்வது என்று தெரியாமல் நின்றேன்.

"ஆஸ்பத்திரிக்கு வந்தப்பவும் தரையப் பாத்துக்கிட்டே நின்னுட்டுப் போனீங்க," என்றார் அக்கா. "இங்க வந்தா பகடையவே பாக்கறீங்க. இன்னிக்குத்தான் என்னை நிமிந்து பாத்திருக்கீங்க. சரி, அவ நடைபாதைல ஏறிட்டா. வழி இருக்கு. உருட்டுங்க."

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு உருட்டினார். இருபது முகப் பகடையில் பதினேழு. லாரி எதிரிகளைப் பிளந்துகொண்டு தெருவைத் தாண்டியது. அவர் ஓட்டி நாங்கள் பிழைத்தது அன்றுதான்.

அண்ணன் தொப்பியை எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது அக்கா வாசலுக்கு வந்தார்.

"நாளைக்கு முதல் டிரிப் அஞ்சே முக்காலுக்குத்தானே? ஸ்டாப்புல நிப்பேன். மறக்காம ஏத்திக்கிட்டுப் போங்க."