இன்னும் ஒரு தடவை

"இன்னும் ஒரு தடவை" என்றார் குராமொச்சி.

மிசாவோ சுவரைப் பிடித்தபடி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பக்கவாதம் வந்து எட்டு மாதம் ஆகிறது. வலது கால் இன்னும் இழுத்துக்கொண்டுதான் வருகிறது. வீட்டுச் சந்தின் தரையில் இருபது மீட்டர் இடைவெளியில் இரண்டு சாக்பீஸ் கோடுகள். அவள் நடக்க, புருஷன் முக்காலியில் உட்கார்ந்து ஸ்டாப்வாட்சை அமுக்குகிறார்.

அக்காவைப் பார்க்கக் காரில் வந்து இறங்கிய ஃபுசயேக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"என்ன அத்தான் இது? அக்கா விழுந்தா யாரு பிடிக்கிறது?"

"கைத்தடி இருக்குல்ல? குறுக்கே வராதே ஃபுசயே, கணக்கு கெட்டுடும்."

கணக்காம்!

குராமொச்சி நாற்பது வருடமாக அனிமேஷன் படம் இயக்குகிறவர். அவர் படத்து மனிதர்கள் நடக்கிற அழகைப் பார்க்கவே தனிக் கூட்டம் வரும். எந்த அசைவுக்கு எத்தனை செகண்ட் என்று வாட்ச் வைத்துப் பார்த்துத்தான் வரைய விடுவார். தொழில் அது, யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் ஃபுசயேயின் அப்பா செத்த அன்று, அம்மா சவப்பெட்டிமேல் சாய்ந்து அழுதபோதும் இவர் மூலையில் நின்று வாட்சை அமுக்கினார். இரண்டு வருடம் கழித்து அதே அழுகை, அதே தோள் குலுங்கலோடு தியேட்டரில் ஓடியது. விருதுகூட வாங்கியது. அம்மா பாதிப் படத்தில் எழுந்து போய்விட்டாள்.

ஃபுசயே அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"இப்ப அக்கா நொண்டுறதையும் படமாக்கணுமா?"

அவர் எண்களை எழுதிக்கொண்டிருந்தார்.

"பத்து நாளா மெயின் ரோட்டு முனையில வாட்சோட நின்னு, போற வர்ற கிழவிகளையெல்லாம் முறைக்கிறீங்களாமே? பக்கத்து வீட்டம்மா போன்ல சொல்லிச் சிரிக்கிறாங்க. மானம் போகுது!"

"விடுடி" என்றாள் மிசாவோ. "படத்துக்குத்தான் இருக்கும். இருந்தா என்ன? இந்தக் காலால வேற யாருக்கு என்ன உபயோகம்?"

"உனக்கு வெட்கமே இல்லையா? கிளம்பு, இன்னிக்கே என்னோட கவாகோயேக்கு, என் வீட்டுக்கு வா. உன்னை ஒரு அடி நடக்க விடமாட்டேன். என்ன வேணுமோ கேளு, வாங்கித் தர்றேன்."

"எனக்கு என்னடி வேணும்? மெயின் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் இருக்கிற ரொட்டிக் கடைக்கு ஒரு நாளாவது நானே தனியாப் போய் வரணும், அவ்வளவுதான்."

"ரொட்டியா முக்கியம் இப்ப!"

ஃபுசயே விடுவிடுவென்று உள்ளே போனாள். அக்காவின் துணிகளைப் பையில் திணித்தாள். மேஜைமேல் பழுப்பு உறை ஒன்று தடிமனாகக் கிடந்தது. அக்கா காலை வரைந்து வைத்திருப்பார், கிழித்தே போட்டுவிடலாம் என்று பிரித்தாள்.

படம் ஒன்றுகூட இல்லை. தாள் தாளாக வெறும் எண்கள். மேலே ஒரு கடிதம். போக்குவரத்துப் போலீசுக்கு.

'மூன்றாவது முறையாக எழுதுகிறேன். ஒரு ஆளுக்காக சிக்னலை மாற்ற முடியாது என்று பதில் அனுப்பியிருந்தீர்கள். அதனால் பத்து நாள் அங்கேயே நின்று பார்த்தேன். பாதசாரிகளுக்குப் பச்சை விளக்கு எரிவது இருபத்தெட்டு செகண்ட். அதற்குள் கடக்க முடியாமல் நடுரோட்டில் தவித்தவர்கள் முப்பத்தேழு பேர். ஒவ்வொருவரின் நேரமும் இத்துடன் இருக்கிறது. முப்பத்தெட்டாவது ஆள் என் மனைவி. அவளை ரோட்டில் விட்டுப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அதே அகலத்துக்கு வீட்டுச் சந்தில் கோடு போட்டுப் பார்த்தேன். நாற்பத்தொரு செகண்ட் ஆகிறது. தயவுசெய்து பதிமூன்று செகண்ட் கூட்டிக் கொடுங்கள்.'

ஃபுசயே கடிதத்தைக் கையில் வைத்தபடியே பையிலிருந்த துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் திரும்ப வைத்தாள்.

வாசலில் நிழல் தட்டியது. குராமொச்சி. அவள் கையிலிருந்த கடிதத்தைப் பார்த்தார். சந்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவகிட்ட சொல்லிடாதே ஃபுசயே. படத்துக்குன்னே நினைச்சிட்டு நடக்கட்டும். இந்தத் தடவையும் முடியாதுன்னுட்டாங்கன்னா, அந்த ஏமாத்தம் என்னோட போகட்டும்."