தப்பிப் பிழைத்தவன்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானமே திரையை இழுத்துவிட்டு ஹாலை இருட்டாக்கியிருந்தார் வாத்தியார். அவர் கொலைகாரன் கதையைச் சொல்வார். அதில் மாட்டிக்கொண்டவர்களாக நண்பர்கள் மூவரும் ஆட வேண்டும். என்ன செய்வோம் என்று சொல்லிப் பகடையை உருட்டினால், பிழைப்பதும் சாவதும் தெரிந்துவிடும்.

"முகமூடிக்காரன் கோடாலியோட வாசல் வழியா வந்துட்டான். நீங்க இருக்கிற அறையில ஒரே ஒரு பின்கதவு. தாழ்ப்பாள் அசைய மாட்டேங்குது. என்ன செய்வீங்க?"

"ஓங்கி உதைப்பேன்" என்றார் மெக்கானிக். பகடை காலை வாரிவிட்டது.

"சத்தம் கேட்டுடுச்சு. நீ காலி."

பேங்க்காரர் கட்டிலுக்கடியில் ஒளிந்தார். அவரும் காலி.

"ஏண்டா எங்களை இப்படி முறைக்கிறே? நீதான் கொலைகாரன் மாதிரி இருக்கே!" என்றார் பேங்க்காரர்.

வாத்தியார் சிரிக்கவில்லை. பல் டாக்டரைப் பார்த்தார்.

டாக்டருக்கு ஆட்டச் சூடு. "போங்கடா! கீழ் மூலையைக் காலால அழுத்திக்கிட்டு, கைப்பிடியை லேசா மேலே தூக்கணும். தாழ்ப்பாள் சத்தமில்லாம வந்துடும்" என்று பகடையை எடுத்தார்.

"உனக்குப் பகடை வேண்டாம். பிழைச்சுட்டே."

காபித் தட்டோடு வந்த வாத்தியாரின் மனைவி, அதை வைக்காமலே உள்ளே திரும்பினார்.

"பயப்படாதே தங்கச்சி, வெறும் கதைதான்" என்றார் பேங்க்காரர்.

"பலே ஐடியா! எந்த வீட்டுக் கதவுடா அது?" என்றார் மெக்கானிக்.

"இந்த வீட்டுக் கதவுதான்" என்றார் வாத்தியார், டாக்டரை விட்டுக் கண்ணை எடுக்காமல். "எங்க படுக்கையறையில இருக்கு. உங்கள்ல யாரும் இந்த ஹாலைத் தாண்டினதே இல்லைன்னு நெனச்சிட்டிருந்தேன்."