அலர்ஜி ரிப்போர்ட்

குளிர்காலம் வந்ததிலிருந்து நாய் சொறிந்து சொறிந்து வயிற்றைப் புண்ணாக்கிக்கொண்டிருந்தது. மகனுக்கு ஏது நேரம்? பெரியவர்தான் தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் அதன் கால்களைத் துடைத்து, மருந்து தடவி, தன் கட்டிலிலேயே படுக்க வைப்பார்.

அன்று ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டோடு மகன் வந்தான். கதவுக்கு வெளியே அவன் மனைவியிடம் பேசியது பெரியவர் காதில் விழுந்தது.

“வேற வழியில்ல. கார் ஷெட்டுக்கு மாத்திட வேண்டியதுதான்.”

“இந்தக் குளிர்லயா? பாவங்க!”

“ரெண்டு கம்பளி குடுத்தாப் போச்சு. கொஞ்ச நாளைக்கு முனகல் கேக்கும். அப்புறம் பழகிடும்.”

பெரியவர் நாயை இறுக அணைத்துக்கொண்டார்.

மகன் உள்ளே வந்ததும், “வாயில்லா ஜீவன்டா! ஷெட்டுல விறைச்சே செத்துடும். இங்கயே இருக்கட்டுமே” என்று கெஞ்சினார்.

“இங்கயேதாம்ப்பா இருக்கும்.”

மகன் அவர் பிடியிலிருந்து நாயை மெதுவாக விடுவித்தான்.

“அதுக்கு ஒத்துக்காதது மனுஷத் தோல்லேருந்து உதிர்ற பொடியாம். உங்களுக்கு வேற இப்ப ரொம்ப உதிருது.”

மருமகள் பெரியவரின் தலையணையை எடுத்துக்கொண்டு ஷெட்டை நோக்கி நடந்தாள்.