தலைவலி இல்லாத தையல்காரர்

பாத்திரம், களம், முரண், உச்சம், முடிவு என்று கரும்பலகையில் வரிசையாக எழுதிவிட்டு கமா சார் வகுப்பைத் திரும்பிப் பார்த்தார்.

எந்த வாக்கியத்தையும் முடிக்காமல் பாதியில் இழுத்து நிறுத்துவதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் அது. அவருக்கும் தெரியும். இவ்வளவு பொருத்தமாகப் பெயர் வைக்கத் தெரிந்த பிள்ளைகளை எப்படிக் கோபித்துக்கொள்வது என்று விட்டுவிட்டார்.

பாடப்புத்தகத்தை மூடி வைக்கச் சொன்னார். இன்றைக்குத் தானே ஒரு கதை சொல்லப் போவதாகவும், அதிலிருந்து கதைக் கூறுகளைப் பிரித்தெடுக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னார்.

ஒரு தெருவில் ஒரு தையல்காரர். எதிர்ப்பக்கம் ஒரு மருந்துக்கடை. அதை நடத்துவது ஒரு பெண். தையல்காரருக்குப் பிறந்ததிலிருந்து தலைவலி என்றால் என்னவென்றே தெரியாது. ஆனாலும் தினமும் தையலைப் பாதியில் போட்டுவிட்டுத் தெருவைக் கடந்து போய்த் தலைவலி மாத்திரை வாங்கி வருகிறார். மேசை டிராயர் நிறைய மாத்திரை. சொல்ல நினைத்துப் போனது மட்டும் வாய்க்கு வருவதே இல்லை.

உண்மையில் தையல்காரரும் கிடையாது, மருந்துக்கடையும் கிடையாது. இருந்தது கீழ்த்தளத்தில் பள்ளி நூலகமும், அதில் நூலகர் மிஸ்ஸும், தினமும் ஒரு புத்தகம் எடுத்துப் போய் மறுநாளே திருப்பிக் கொடுக்கும் கமா சாரும்தான். நேற்று தேனீ வளர்ப்பு. அதற்கு முன்னால் கப்பல் எஞ்சின். இரண்டையும் அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மிஸ் ஒரு வார்த்தை கேட்காமல் முத்திரை குத்திக் கொடுப்பார்.

இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. குறுக்கே நிற்க ஆளும் இல்லை. குறுக்கே நின்றது கமா சாரின் நாக்கு ஒன்றுதான்.

நூலகர் மிஸ்ஸுக்கு வெளியூருக்கு மாற்றல் வந்துவிட்டது. நாளையோடு போகிறார். ஆசிரியர் அறையில் இந்தச் செய்தி காதில் விழுந்ததிலிருந்து கமா சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. நண்பர்களிடம் யோசனை கேட்டால் சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். பிள்ளைகளிடம் கேட்டால் அது பாடம்.

அதனால்தான் இந்தத் தையல்காரர்.

மருந்துக்கடைக்காரி நாளைக்குக் கடையைக் காலி செய்துகொண்டு வேறு ஊருக்குப் போகிறாள் என்பதோடு கதையை நிறுத்தினார். “இதுல முரண் எது? கதைக்கு முடிவு என்னவா இருக்கணும்னா,” என்று ஆரம்பித்து, வழக்கம்போல அங்கேயே நின்றார்.

வகுப்பு அதிசயமாக அமைதியாக இருந்தது. சாப்பாட்டு இடைவேளைக்குப் பிறகு வரும் பாடவேளை; கடைசி பெஞ்சு எப்போதும் அரைத் தூக்கத்தில் இருக்கும். இன்று அதுகூட முன்னால் சாய்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. கதை எடுபட்டுவிட்டது என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

கதையை எழுதிய ஆசிரியர் யார் என்று ஒருவன் கேட்டான். பெயர் தெரியாத எழுத்தாளர் என்றார். வகுப்பு மொத்தமும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது. ஏன் என்று அவருக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஆளாளுக்கு முடிவு சொன்னார்கள். தையல்காரரும் பெட்டியைக் கட்டிக்கொண்டு அதே ஊருக்குப் போய்க் கடை போடட்டும் என்றான் நெட்டையன். வாங்கிய மாத்திரையை எல்லாம் மூட்டையாகக் கட்டிக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்தால் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம் என்றாள் ஒருத்தி. எப்போதும் பேசாத ஒரு பையன் எழுந்து, ஊரை விட்டுப் போவது முரண் இல்லை, வாயைத் திறக்காததுதான் முரண் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தான். கமா சாருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் சரியான விடை என்று ஒப்புக்கொண்டார்.

முதல் பெஞ்சு வாயாடி கையைத் தூக்கினாள். அவருக்குத் தலைவலி இல்லை என்பது அந்தக் கடைக்கார அக்காவுக்குத் தெரியுமா என்பது அவள் கேள்வி.

தெரியவே தெரியாது என்று அடித்துச் சொன்னார் கமா சார். கதை தையல்காரரின் நோக்கில் சொல்லப்படுகிறது. அவர் கண்ணில் பட்டதுதான் நமக்கும் தெரியும். நோக்குநிலை என்பது இதுதான் என்று பலகையில் அதையும் எழுதினார். அதே கதையை அவள் நோக்கில் சொன்னால் வேறொரு கதையே கிடைக்கும் என்றும் உற்சாகமாகச் சேர்த்துக்கொண்டார்.

“கிடைச்சிடுச்சு சார்,” என்றாள் வாயாடி. “நேத்து லைப்ரரி பீரியட்ல மிஸ் சொன்னாங்க. அதுல வர்றது குடைக்கடை. மழையே பெய்யாத ஊர்ல ஒருத்தர் தினமும் வந்து வாடகைக்குக் குடை எடுத்துட்டுப் போவாராம். மறுநாள் விரிக்காமலே கொண்டுவந்து கொடுப்பாராம். கடைக்காரம்மா வேற ஊருக்குப் போகணுமாம். முடிவு என்னன்னு மிஸ்ஸும் எங்களைத்தான் கேட்டாங்க.”

கமா சாரின் காது மடல் சிவந்துபோனது. கையில் இருந்த சாக்பீஸ் எப்போது கீழே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. பலகையைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். வேறு வழி இல்லாமல் வாயாடியைப் பார்த்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“நாங்க எதுவும் சொல்லல சார். அவரு பக்கத்துக் கதையையும் கேட்டுட்டு வந்து சொல்றோம் மிஸ்னு சொன்னோம்.” அவள் ஒரு தடவை வகுப்பைத் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். “சீக்கிரம் கேட்டுட்டு வாங்கன்னு சொன்னாங்க.”