தலைமாட்டுச் சுவர்

ஏவுகணைப் படகின் படுக்கையறையில் புதுப் பெயின்ட் வாடை மூச்சை அடைக்கிறது. மேல்தளத்துத் திறப்பு வழியாக இறங்கும் வெயில் அடுக்குக் கட்டிலின் விளிம்பில் ஆடுகிறது. நாளை படகு கடலுக்குப் போகிறது. இன்று மாலுமிகளின் குடும்பங்கள் சுற்றிப் பார்க்க வந்திருக்கின்றன. படகை வடிவமைத்த பொறியாளர் தன் தங்கையின் பின்னால் குனிந்து நுழைகிறார். அவள் கணவன், இந்தப் படகின் மாலுமி, மேலே கைகாட்டிச் சிரிக்கிறான். “எட்டு ஏவுகணை மச்சான். அதுங்க ராஜா மாதிரி படுத்திருக்கு, எனக்குத்தான் கால் நீட்ட இடமில்ல.” பொறியாளரும் சிரித்து வைக்கிறார். நான்கு ஏவுகணையை எட்டாக்கு என்று மேலிடம் சொன்னபோது, எடையைக் குறைக்க இந்த அறையின் எஃகுச் சுவரை அலுமினியமாக மாற்றியவர் அவர்தான். கெட்டிக்காரர் என்று பாராட்டும் கிடைத்தது. தீப்பிடித்தால் அலுமினியம் எஃகைப் போல் நிற்காது, இளகிச் சரிந்துவிடும். தங்கை கணவனின் கட்டிலில் உட்கார்ந்து, தலைமாட்டுச் சுவரை விரல் மடக்கித் தட்டிப் பார்க்கிறாள். காலிப் பாத்திரம் போல் கணீரென்கிறது. “நீ வரைஞ்ச படகுண்ணே. அதான் இவரை அனுப்ப எனக்குப் பயமே இல்ல” என்று சொல்லி, இன்னொரு முறை தட்டுகிறாள். பொறியாளர் உள்ளங்கையைச் சுவரில் அழுத்தி அந்தச் சத்தத்தை நிறுத்துகிறார்.